குடியும் கடனும்: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று உங்களை எடுத்துக்கொள்ளத் தயார். கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, வந்தால் சேரலாம் என்கிறது. படிவத்தைத் திறக்கிறீர்கள். இரண்டு இடங்களில் கை நின்றுவிடுகிறது. சில வருடங்களுக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டது ஒன்று. கட்டாமல் விட்டு, கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போய்விட்ட கிரெடிட் கார்டு பாக்கி மற்றொன்று.

இந்த இரண்டில் எதுவும் தானாகவே கதவை அடைத்துவிடாது. இரண்டும் சேர்ந்தே இருந்தும் கிளியரன்ஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கையை விட்டுப் போன விண்ணப்பங்களைப் பார்த்தால், பெரும்பாலும் கெடுத்தது வேறு இரண்டு விஷயங்கள்: மறைத்தது, அல்லது கேள்வி வந்த பிறகே சரிசெய்யத் தொடங்கியது. நீங்கள் எந்தத் தேதியில் திருந்தத் தொடங்கினீர்கள், அதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதைச் சுற்றித்தான் முழு விசாரணையும் நடக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான தயாரிப்பு.

கிளியரன்ஸுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது.

எந்த விதியின்படி முடிவு எடுக்கிறார்கள்

2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் ‘சீட்-4’ என்ற உத்தரவுதான் அடிப்படை. தேசிய உளவுத்துறை இயக்குநர் பிறப்பித்தது. அதில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 வழிகாட்டு நெறிகள். பணம் ‘எஃப்’, மது ‘ஜி’. பொய்யும் மறைப்பும் ‘இ’யில் வரும், குற்ற நடத்தை ‘ஜே’யில். ஒவ்வொரு நெறியிலும் உங்களுக்குப் பாதகமான நிலைமைகளின் பட்டியல் ஒன்றும், அந்தப் பாதகத்தைக் குறைக்கும் ‘தணிப்பு’ நிலைமைகளின் பட்டியல் ஒன்றும் இருக்கும். மதிப்பெண் முறை கிடையாது.

“எத்தனை டாலர் கடன் வரை பரவாயில்லை?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். விதியில் அப்படி ஒரு தொகையே இல்லை. நான்கு லட்சம் டாலர் வீட்டுக் கடனை மாதம் தவறாமல் கட்டுபவருக்குப் பிரச்சினை இல்லை. கட்ட வசதி இருந்தும் ஐந்து சின்ன பில்களை வருடக்கணக்கில் கண்டுகொள்ளாதவருக்குப் பிரச்சினை உண்டு. வருமானத்துக்குள் வாழாததும் கடனைத் தீர்க்காததும் தன்னடக்கமின்மையை, நிதானமின்மையை, விதிகளை மதிக்க மனமில்லாமையைக் காட்டலாம் என்பதே ‘எஃப்’ நெறியின் கவலை. பண நெருக்கடி சூதாட்டம், மது போன்ற வேறு சிக்கலின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று அதே பத்தி சொல்கிறது. ஆகவே படிவத்தில் இரண்டும் இருந்தால், “குடிதான் கடனுக்குக் காரணமா?” என்ற கேள்வி வந்தே தீரும். அதற்குத் தேதிவாரியான பதில் இப்போதே உங்களிடம் இருக்க வேண்டும்.

அரசு இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு ஆல்ட்ரிச் ஏம்ஸ் ஒருவரே போதும். சி.ஐ.ஏ.வில் சோவியத் பிரிவில் இருந்தவர். குடிப்பழக்கம் அலுவலகத்தில் பலருக்கும் தெரிந்தது. மணமுறிவோடு கடன் நெருக்கியது. 1985-ல் ரகசியங்களை விற்கத் தொடங்கினார். 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியும், ஜாகுவார் கார் ஓட்டியும், 1994 பிப்ரவரி வரை கைதாகவில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஜான் வாக்கர் 1960-களின் கடைசியில் விற்கத் தொடங்கியபோதும் பின்னணியில் இருந்தது கடனில் மூழ்கிய ஒரு மதுக்கூடம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல. 1988-ல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சந்தேகம் எஞ்சினால் அது அரசின் பக்கமே சாயும். “என் மேல் எதையும் நிரூபிக்கவில்லையே” என்ற வாதம் இங்கே எடுபடாது. சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உங்களுடையது.

படி 1: படிவத்தைத் தொடும் முன் காகிதங்களை எடுங்கள்

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுங்கள். சட்டப்படி அமைந்த பொதுத் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். ஒன்றில் இருக்கும் கடன் இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம், ஆகவே மூன்றும் வேண்டும். ஸ்கோர் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். விசாரணையாளர் பார்ப்பது ஒவ்வொரு கணக்கின் நிலையையும் தேதியையும்தான்.

பிறகு மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கில் நுழைந்து கடந்த ஏழு வருடங்களின் கணக்கு டிரான்ஸ்கிரிப்டை இறக்குங்கள். எந்த வருடம் ரிட்டர்ன் தாக்கலானது, எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கும். மாநில வரிக்கும் தனியாகப் பாருங்கள். மது தொடர்பான வழக்கு இருந்தால், எந்தக் கவுண்டியில் நடந்ததோ அந்த நீதிமன்ற எழுத்தரிடம் வழக்கின் இறுதித் தீர்ப்பு, அபராத ரசீது, நன்னடத்தைக் காலம் முடிந்ததற்கான ஆவணம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். போலீஸ் அறிக்கையையும் வாங்கிப் படியுங்கள். “இரண்டு பீர்தான்” என்று உங்கள் நினைவு சொல்லும், அறிக்கையில் ரத்த ஆல்கஹால் 0.16 என்றிருக்கும். இந்த முரணை விசாரணையாளருக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

படி 2: எஸ்.எஃப்-86 கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவத்தின் பெயர்தான் எஸ்.எஃப்-86. அது இப்போது ‘ஈ-ஆப்’ என்ற இணையத் தளம் வழியாக நிரப்பப்படுகிறது. கால வரம்பு கேள்விக்குக் கேள்வி மாறும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பணம் பற்றிய 26-ம் பிரிவு பொதுவாகக் கடந்த ஏழு வருடங்களைக் கேட்கிறது: திவால், தாக்கல் செய்யாத அல்லது கட்டாத வரி, நீதிமன்றத் தீர்ப்புக் கடன், சம்பளப் பிடித்தம், கலெக்ஷனுக்குப் போனது, சார்ஜ்-ஆஃப் ஆனது (கடன் கொடுத்தவர் நட்டமாக எழுதிக்கொண்டது), பறிமுதலான வண்டி, 120 நாளுக்கு மேல் தவணை தப்பிய எந்தக் கடனும். கட்டி முடித்துவிட்டாலும், அந்த ஏழு வருடத்துக்குள் 120 நாள் தாண்டியிருந்தால் சொல்ல வேண்டும். சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடிக்கு மட்டும் கால வரம்பு இல்லை, “எப்போதாவது” என்றே கேட்கிறது.

நீங்கள் இணைக் கையெழுத்துப் போட்ட, ஜாமீன் நின்ற கடன்களும் இதில் சேரும். மச்சினருக்காகக் கார் கடனில் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாமல் விட்டிருந்தால் அது உங்கள் பதிலிலும் வர வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குடியுரிமை பெற்றவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஊரில் வங்கியில் வாங்கிய கல்விக் கடன் அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியாது. ஆனால் கேள்வி “எந்தக் கடனும்” என்கிறது; நாட்டு எல்லை போடவில்லை. அது 120 நாள் தாண்டி நிலுவையில் இருந்தால் எழுதுங்கள். வங்கியிடம் இன்றைய நிலுவைக் கடிதம் வாங்குங்கள். ஊரில் உள்ள வீடு, நிலம், வங்கிக் கணக்கு வேறு ஒரு பிரிவில், வெளிநாட்டுச் சொத்தாக வரும்.

மது பற்றியது 24-ம் பிரிவு. கடந்த ஏழு வருடங்களில் குடி உங்கள் வேலையை, உறவை, பணநிலையைப் பாதித்ததா, போலீஸ் தலையிட நேர்ந்ததா என்று முதலில் கேட்கும். அடுத்து வரும் சிகிச்சைக் கேள்விகளுக்குக் கால வரம்பே இல்லை: எப்போதாவது சிகிச்சைக்குப் போகும்படி உத்தரவோ அறிவுரையோ வந்ததா, நீங்களாகவே போனீர்களா. 22-ம் பிரிவில், மது அல்லது போதைப்பொருள் சார்ந்த குற்றச்சாட்டு எப்போதாவது பதிவானதா என்ற கேள்வி உண்டு. 15 வருடத்துக்கு முந்தைய டி.யு.ஐ.யும் (போதையில் வண்டி ஓட்டிய வழக்கு) அங்கே வந்தாக வேண்டும். வழக்கு தள்ளுபடியானாலும், பதிவை நீதிமன்றம் அழித்தோ முத்திரையிட்டோ வைத்திருந்தாலும் சொல்ல வேண்டும். விலக்கு சில மத்திய போதைப்பொருள் வழக்குகளுக்கு மட்டுமே. 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்தை எழுத வேண்டியதில்லை, ஆனால் மது கலந்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

“வக்கீல் சொல்லத் தேவையில்லை என்றார்” என்பது, கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்புத் துறை அலுவலகமான டோஹாவின் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். அந்த வக்கீல் உள்ளூர்க் குற்ற வழக்குகள் பார்ப்பவராக இருப்பார். தெரிந்தே பொய் சொல்வது ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய மத்தியக் குற்றம். அதைவிட நடைமுறையில் மோசமானது, ‘இ’ நெறி உள்ளே வந்துவிடும். கடனைக் கட்டித் தீர்க்கலாம். பொய்யைத் தீர்ப்பதற்குத் தவணைத் திட்டம் எதுவும் இல்லை.

படி 3: கடனைச் சரிசெய்யும் வரிசை

முதலில் வரி. தாக்கல் செய்யாத ரிட்டர்ன் இருந்தால், பணம் இல்லாவிட்டாலும் இன்றே தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்யாததற்கான அபராதம் மாதம் 5 சதவீதம், உச்சம் 25 சதவீதம்; கட்டாததற்கு மாதம் அரை சதவீதம்தான். அவகாசம் கேட்கும் 4868 படிவம் தாக்கலுக்குத்தான் அவகாசம் தரும், கட்டுவதற்கு அல்ல. “எனக்கு ரீஃபண்ட் வரவேண்டியதுதானே, அதனால் தாக்கல் செய்யவில்லை” என்பதும் செல்லாது. இங்கே எடைபோடுவது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதிக்கு நீங்கள் கீழ்ப்படிகிறீர்களா என்பதையே. பாக்கி மொத்தம் 50,000 டாலருக்குள் இருந்தால் ஐ.ஆர்.எஸ். தவணைத் திட்டத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், காகிதத்தில் என்றால் 9465 படிவம். வரித்துறையோடு ஏற்பாடு செய்து அதன்படி நடப்பது தனியான தணிப்பு நிலைமையாகவே விதியில் இருக்கிறது. “நடப்பது” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பந்தம் போட்டு இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்தினால், ஒப்பந்தமே இல்லாததைவிட மோசமாகத் தெரியும்.

அடுத்து குழந்தை பராமரிப்புத் தொகை, மத்திய அரசுக்குத் தரவேண்டிய மற்ற கடன்கள். தவறிய நிலைக்குப் போன மத்திய மாணவர் கடனை மீட்கும் முறை ஒன்று உண்டு: பத்து மாதங்களுக்குள் ஒன்பது தவணை கட்டுவது.

அதன் பிறகு கலெக்ஷனும் சார்ஜ்-ஆஃபும். சார்ஜ்-ஆஃப் என்றால் கடன் மறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கடன் கொடுத்தவர் தன் கணக்குப் புத்தகத்தில் நட்டம் என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். ஏழு வருடம் கடந்து ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிட்டதும் தீர்வு அல்ல. மாநிலச் சட்டப்படி வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது என்று காத்திருப்பதை நல்லெண்ண முயற்சியாக டோஹா ஏற்பதில்லை. இதில் ஒரு சிக்கல்: சில மாநிலங்களில் பழைய கடனில் சிறு தொகை கட்டினாலே அந்தக் காலக்கெடு மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். மிகப் பழைய பெரிய கடன் என்றால், முழுதாகத் தீர்க்கும் பேச்சை முடித்துக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்கள்.

குறைந்த தொகைக்குத் தீர்த்துக்கொள்வதில் தவறில்லை. எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். கொடுத்ததும் தீர்வுக் கடிதம் வாங்குங்கள். தள்ளுபடியான தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் 1099-சி படிவம் வரும். அதை வருமானமாகக் காட்ட வேண்டியிருக்கும். மறந்தால் கடன் தீர்ந்த இடத்தில் வரிச் சிக்கல் முளைக்கும். அப்போது உங்கள் கடன்கள் சொத்தைவிட அதிகமாக இருந்திருந்தால் 982 படிவம் உதவும்.

எல்லாக் கடனையும் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நியாயமான திட்டம் ஒன்று, அதை நடத்திக்காட்டிய மாதங்கள் சில: இவை போதும். ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம். சிறிய கடன்களை முதலில் முடிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. வட்டிக் கணக்கில் அது சிறந்த வழி அல்லதான். ஆனால் ஆறு கணக்குகளில் நான்கு முடிந்துவிட்டன, இதோ நான்கு கடிதங்கள் என்று வைக்கும்போது, திட்டம் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

திட்டம் உங்கள் மாத வரவு செலவோடு பொருந்த வேண்டும். பின்னால் அரசு அனுப்பும் எழுத்துக் கேள்விகளோடு தனிநபர் நிதி அறிக்கை ஒன்றும் வரும்: கையில் வரும் சம்பளம், செலவு, கடன் தவணை, மிச்சம். மிச்சம் கழித்தலில் இருந்தால் திட்டத்தை யாரும் நம்ப மாட்டார்கள். மாதம் 2,000 டாலர் மிச்சம் காட்டிவிட்டு 50 டாலர் மட்டும் கட்டினால், மனமில்லை என்று படிப்பார்கள். இந்த அறிக்கையை இப்போதே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை அமைப்பும், “கடனைக் குறைத்துத் தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் நிறுவனமும் ஒன்றல்ல. முதலாவது உங்கள் பட்ஜெட்டைப் பார்த்து, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கான ஒரே மாதத் தவணையாக்கித் தரும். விதியில் சாதகமாகப் பெயர் சொல்லப்பட்டது இதுதான். இரண்டாவது வகை, கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேமியுங்கள் என்று சொல்வது வழக்கம். அதுவரை ஒழுங்காக இருந்த கணக்குகளும் 120 நாளைத் தாண்டும். கிளியரன்ஸ் வேண்டியவர் இதில் கால் வைக்க வேண்டாம்.

திவால் சட்டபூர்வமான வழி, அதற்காக மட்டும் மறுக்கமாட்டார்கள். 7-ம் அத்தியாயம் பெரும்பாலான கடன்களை ரத்து செய்யும், ஆனால் அண்மைய வரி, குழந்தை பராமரிப்பு, பெரும்பாலான மாணவர் கடன்கள் நிற்கும். 13-ம் அத்தியாயம் மூன்று முதல் ஐந்து வருடத் தவணை. மாதம் தவறாமல் கட்டியதற்கு நீதிமன்ற அறங்காவலரின் கணக்கே சாட்சியாக அமையும் என்பதால் இதற்கு நல்ல எடை உண்டு. எதை எடுத்தாலும் அதற்குப் பிறகு புதிய நிலுவை ஒன்றுகூட வரக்கூடாது.

வேலை இழப்பு, மருத்துவச் செலவு, விவாகரத்து, அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தணிப்பு நிலைமைக்கு இரண்டு பாதி உண்டு; அந்தச் சூழ்நிலையில் பொறுப்போடு நடந்தீர்களா என்பது இரண்டாவது பாதி. வேலை போனது 2020, வேலை கிடைத்தது 2021, முதல் தவணை கட்டியது 2024 என்றால், நடுவிலுள்ள மூன்று வருடங்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

படி 4: மது

‘ஜி’ நெறியின் பாதகப் பட்டியலில் முதலில் வருவது வேலைக்கு வெளியே நடந்த மது சார்ந்த சம்பவங்கள்: போதையில் வண்டி ஓட்டுவது, அடிதடி, வீட்டு வன்முறை. எத்தனை முறை என்பதோ, நோய் என்று கண்டறியப்பட்டதா என்பதோ பொருட்டில்லை. பிறகு வேலையிடத்தில் போதை, நிதானம் இழக்கும் அளவுக்குக் குடிப்பது, மருத்துவர் கண்டறிந்த மதுப் பழக்கக் கோளாறு, சிகிச்சை அறிவுரையை மீறுவது, நீதிமன்ற உத்தரவை மீறுவது.

“நான் அளவாகத்தான் குடிக்கிறேன்” என்று எழுதும் முன் அளவு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால்: 5 சதவீத பீர் 355 மில்லி, ஒயின் சுமார் 150 மில்லி, விஸ்கி போன்றவை சுமார் 44 மில்லி. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆண் ஐந்து, பெண் நான்கு டிரிங்க் குடித்தால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08-ஐத் தொடும், அது அளவுமீறிய குடி. வீட்டில் கண்ணாடி டம்ளரில் ஊற்றும் ஒரு ‘பெக்’ பல நேரம் இரண்டு டிரிங்க்.

ஒரே ஒரு டி.யு.ஐ., பல வருடத்துக்கு முன், அதன்பின் ஒன்றுமில்லை என்றால், நீதிமன்ற ஆவணங்களும் நேர்மையான விளக்கமும் பெரும்பாலும் போதும். அண்மையில் நடந்திருந்தால் அபராதம், வகுப்பு, வண்டியில் பொருத்தும் மூச்சுப் பரிசோதனைக் கருவி, நன்னடத்தைக் காலம் எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். நன்னடத்தைக் காலம் நடக்கும்போது குடிக்காமல் இருந்ததற்கு எடை குறைவு, ஏனென்றால் அப்போது தலைக்கு மேல் நீதிமன்றம் இருக்கிறது. அது முடிந்த பிறகு வரும் மாதங்கள்தான் உங்களுடையவை.

ஒன்றுக்கு மேற்பட்ட சம்பவம் இருந்தால் மருத்துவ மதிப்பீடு எடுங்கள். மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், உரிமம் பெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவர் செய்ய வேண்டும். மதுப் பழக்கக் கோளாறுக்கு 11 அளவுகோல்கள். இரண்டு மூன்று பொருந்தினால் லேசானது, நான்கைந்து நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். அவரிடம் எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். பாதி உண்மையின் மேல் எழுதிய நல்ல அறிக்கை, போலீஸ் அறிக்கையும் பழைய மருத்துவமனைக் குறிப்பும் பக்கத்தில் வந்தவுடன் மதிப்பிழந்துவிடும்.

அறிக்கையின் கடைசிப் பத்தி மிக முக்கியம். கோளாறு இல்லை, அளவோடு குடிக்கலாம் என்று எழுதினால், குறைத்துக் குடிப்பதே உங்கள் தணிப்பு. கோளாறு உண்டு, முழுமையாக நிறுத்த வேண்டும் என்று எழுதினால், அதன்பின் கல்யாண வீட்டில் குடிக்கும் ஒரு பீரும் தனியான பாதக நிலைமை. பரிந்துரை தெளிவில்லாமல் இருந்தால் திருப்பிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் படிவத்துக்காக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றல் நிலை உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி, அவர் கண்காணிப்பில் நிறுத்துங்கள். நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை எடுப்பது கிளியரன்ஸுக்குத் தடையல்ல. சிகிச்சைக்கு ஒத்துழைப்பதற்கு அதுவே சான்று.

எத்தனை மாதம் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மருத்துவத்தில் 12 மாதம் தாண்டினால் நீடித்த மீட்சி என்பார்கள். அது நல்ல அடையாளக் கல், ஆனால் உத்தரவாதம் இல்லை. சிகிச்சை பெற்று மீண்டும் குடித்தவருக்கு நிலைமை கடினம், ஏனெனில் “சிகிச்சையில் நன்றாக முன்னேறுகிறார்” என்ற தணிப்பு, முன்பு சிகிச்சையும் மறுவீழ்ச்சியும் இல்லாதவர்களுக்கே. அவர் சிகிச்சையையும் பின்தொடர் கவனிப்பையும் முழுதாக முடித்து, நீண்ட காலத்தைக் காட்ட வேண்டும்.

சான்றுகளாகச் சேர்க்க வேண்டியவை: சிகிச்சை நிறைவு அறிக்கை, பின்தொடர் திட்டம், ஏ.ஏ. (குடியிலிருந்து மீள்பவர்களின் குழு) கூட்டங்களுக்குப் போன தேதிகள், மாதாமாதம் எடுத்த ‘பெத்’ ரத்தப் பரிசோதனை முடிவுகள். இந்தப் பரிசோதனை முந்தைய இரண்டு முதல் நான்கு வார வாக்கிலான குடியைக் காட்டும், அதனால் ஒருமுறை எடுப்பதால் பயனில்லை, தொடராக வேண்டும். மேலதிகாரியோ நண்பரோ தரும் நற்சான்றுக் கடிதத்தில், உங்கள் குடிச் சிக்கல் தனக்குத் தெரியும் என்ற வரி இருக்க வேண்டும். சங்கதியே தெரியாதவர் எழுதும் புகழ்ச்சிக்கு எடை கிடையாது.

படி 5: நேர்காணல்

பின்னணி விசாரணை நடத்தும் அரசு அமைப்பான டி.சி.எஸ்.ஏ.வின் விசாரணையாளர் முடிவெடுப்பவர் அல்ல, எழுதி அனுப்புபவர். காகிதங்களைக் கையோடு கொண்டு போங்கள். படிவத்தில் விட்டுப்போனது இருந்தால், அவர் காட்டுவதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். முன்னால் சொன்னால் திருத்தம், அவர் தாளை எடுத்து வைத்த பின் சொன்னால் ஒப்புதல். “இனிமேல் குடிக்கவே மாட்டேன்” என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது அறிக்கையில் ஏறும். அடுத்த வருடம் குடித்தால் சொன்ன சொல் தவறியவர் ஆவீர்கள்.

படி 6: எஸ்.ஓ.ஆர். வந்தால்

அரசுக்குத் திருப்தி இல்லையென்றால், எஸ்.ஓ.ஆர். எனப்படும் காரண அறிக்கை ஒன்று வரும். 1.ஏ, 1.பி, 2.ஏ என்று ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு சம்பவமும் தனித்தனிக் குற்றச்சாட்டாக இருக்கும். ஒப்பந்த ஊழியருக்குப் பதில் தர 20 நாள். ராணுவத்தினருக்கும் அரசு ஊழியருக்கும் வழிமுறை வேறுபடும், கடிதத்திலுள்ள தேதியைப் பாருங்கள். பதில் அனுப்பாமல் விட்டாலே விஷயம் உங்களுக்கு எதிராக முடியும். கூடுதல் நாள் தேவையென்றால் கெடு முடியும் முன் எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ‘ஏற்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுதி, கீழே இரண்டு மூன்று வரி விளக்கம், பக்கத்தில் எந்த ஆவணம் என்ற குறிப்பு. கட்டிவிட்ட கடனை ‘மறுக்கிறேன்’ என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. கடன் இருந்தது உண்மை. ‘ஏற்கிறேன், இந்தத் தேதியில் தீர்த்தேன், கடிதம் இணைப்பு’ என்பதே சரி.

நீதிபதி முன் நேரடி விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணத்திலேயே முடிவு போதுமா என்று கேட்பார்கள். எழுத்து வழியில் அரசு தன் ஆவணத் தொகுப்பை அனுப்பும், பதிலளிக்க 30 நாள். குடியும் கடனும் உள்ள வழக்கில் நேரடி விசாரணையைக் கேளுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. திருந்திய மனிதரை நீதிபதி முகம் பார்த்துக் கேள்வி கேட்டு எடைபோட வேண்டும். தாளுக்கு முகம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு உங்களுடையது. போகும் முன் டோஹா தளத்தில் பெயர் நீக்கி வெளியிடப்பட்டிருக்கும் தீர்ப்புகளில் உங்கள் நிலைமையை ஒத்த பத்தைப் படியுங்கள். எந்த ஆவணம் இல்லாததால் ஒருவர் தோற்றார் என்பதை அந்தத் தீர்ப்புகளே வரி வரியாகச் சொல்லும்.

கையில் உள்ள எல்லாவற்றையும் விசாரணையிலேயே கொடுத்துவிடுங்கள். தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தரலாம், ஆனால் மேல்முறையீட்டு வாரியம் புதிய சான்றை வாங்காது. நீதிபதி பிழை செய்தாரா என்று மட்டும் பார்க்கும். அதிலும் தோற்றால் ஒரு வருடம் கழித்து, கிளியரன்ஸ் தேவைப்படும் வேலை ஒன்று தரத் தயாரான நிறுவனத்தின் வழியாக மீண்டும் முயலலாம். அந்த ஒரு வருடம் தவணைகளும் பரிசோதனைகளும் விடாமல் தொடர வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை பார்க்கப்போவது அந்த 12 மாதங்களைத்தான்.

படி 7: கிடைத்த பிறகு

முன்பு டாப் சீக்ரெட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, சீக்ரெட்டுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுவிசாரணை. இப்போது தொடர் கண்காணிப்பு: கைது, புதிய கலெக்ஷன், தீர்ப்புக் கடன் எதுவும் தானாக எச்சரிக்கையாகப் போய்விடும். ஆகவே முந்திக்கொள்ளுங்கள். ‘சீட்-3’ உத்தரவின்படி கைது, மது சிகிச்சை, திவால், 120 நாள் தாண்டிய நிலுவை ஆகியவற்றை நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

டாப் சீக்ரெட் வைத்திருப்பவர்கள் எதிர்பாராமல் வரும் 10,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள பணத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் அப்பாவின் நிலத்தை விற்று உங்கள் பங்கை அனுப்புகிறார்கள் என்றால், பணம் கணக்கில் ஏறியவுடன் தெரிவியுங்கள். கிரயப் பத்திரத்தின் நகல், வாரிசுச் சான்றிதழ், வங்கி அனுப்பிய ரசீது மூன்றையும், தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு, ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.